‘நான்’, ‘நாங்கள்’, திருமுழுக்கு

‘நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்று கூற வேண்டிய இடத்தில் ‘நாங்கள் அளிக்கிறோம்’ என்று கூறினால் அத்திருமுழுக்கு செல்லாது என வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2020 ஆகஸ்டில் அறிவித்தது. விளைவு சிறிதன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் உயர்மறைமாவட்டத்தில், குழந்தைப் பருவத்தில் இவ்வாறு திருமுழுக்குப் பெற்றிருந்த குரு ஒருவர் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், குருப்பட்டம் ஆகியவற்றை மீண்டும் (திருச்சபையின் கணக்கில் முதன்முறையாக) பெற நேர்ந்தது. அதுவரை அவர் நிறைவேற்றிய திருப்பலிகளும் வழங்கிய பாவமன்னிப்பும் கேள்விக்குள்ளாயின. பின்னர் பீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு இதே நிலை.

பேராயத்தின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. திருவருட்சாதனத்தில் செயல்படுபவர் கிறிஸ்து. பணியாளர் அவர் பெயரால் பேசுகிறார். பெற்றோர், ஞானப்பெற்றோர், கூடியிருப்போர் அனைவரையும் உள்ளடக்கி ‘நாங்கள்’ என்னும்போது, கொடையைப் பெறும் சமூகமே அதன் உரிமையாளராகிவிடுகிறது என்பது அதன் அச்சம்.

ஆயினும் கீழைத் திருச்சபைகளின் வாய்பாட்டில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. கிரேக்க மரபிலும் கீழைச் சிரிய மரபிலும் ‘இன்னார் திருமுழுக்குப் பெறுகிறார்’ என்னும் அமைப்பே வழங்குகிறது; வினைமுதல் வெளிப்படையாக இராது. இத்தகைய வாய்பாடு செல்லும் என்பதை 1439இல் புளோரன்ஸ் பொதுச்சங்கமே ஏற்றது. எனவே தன்மை ஒருமை இன்றியமையாததன்று. ‘நாங்கள்’ என்பது கிறிஸ்துவை விலக்குகிறதா என்பதே எஞ்சும் வினா. அதற்கு விடை சொல்லில் மட்டும் இல்லை. சொல்பவரின் கருத்திலும் சடங்கின் முழுமையிலும் உள்ளது. முன்னிலையாரை உள்ளடக்கும் ‘நாம்’, விலக்கும் ‘நாங்கள்’ என்று தமிழும் மலையாளமும் பிரிப்பதை இலத்தீனும் ஆங்கிலமும் பிரிப்பதில்லை என்பதையும் இங்கே கருதலாம்.

முழுமையை நோக்கும் பார்வை வத்திக்கானுக்குப் புதிதுமன்று. அசீரியக் கிழக்குத் திருச்சபையின் அத்தாயி–மாரி நற்கருணை மன்றாட்டில், இறுதி இராவுணவில் இயேசு கூறிய ஏற்படுத்தும் வார்த்தைகள் தொடர்ச்சியான எடுத்துரைப்பாக இல்லை. இலத்தீன் இறையியல் நெடுங்காலம் நற்கருணையின் உயிராகக் கருதியவை அவ்வார்த்தைகளே. ஆயினும், அவற்றின் பொருள் மன்றாட்டு முழுவதிலும் விரவியிருக்கிறது என்று கொண்டு 2001இல் வத்திக்கான் அதனைச் செல்லத்தக்கதென ஏற்றது. திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட கல்தேய சிரியன் சபை அம்மரபைச் சார்ந்ததே. அண்மைக்கால வழிபாட்டு இறையியலின் துணிவுமிக்க முடிவுகளுள் இஃது ஒன்று.

தொன்மையான மன்றாட்டுக்கு வழங்கிய பரிவை 2020இல் எளிய நம்பிக்கையாளருக்கு மறுத்ததற்குப் போதிய காரணம் தென்படவில்லை. அங்கே ஒரு திருச்சபையின் தொன்மரபு, இங்கே ஒரு தனிப்பணியாளரின் மாற்றம் என்பர். வேறுபாடு உண்மைதான், ஆனால் அது பணியாளரைக் கண்டிக்கவே போதும். ‘நாங்கள்’ வாய்பாட்டை இனி முற்றிலும் தடைசெய்து, நடந்தேறிய திருமுழுக்குகளை அவ்வாறே ஏற்றிருக்கலாம். கடவுள் தம் திருவருட்சாதனங்களால் கட்டுண்டவர் அல்லர் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே கூறுகிறது. அவ்வாறு திருமுழுக்குப் பெற்று, செய்தி அறியாமலே இறந்தவர்களுக்கு அது கூறக்கூடிய விடையும் அதுவாகவே இருக்கும். உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும் அது ஏன் போதாமற்போயிற்று என்பதைப் பேராயம் விளக்கவில்லை.