பந்துக்குத் திறக்காத கதவு

2024-25 கல்வியாண்டில் சென்னை ஐஐடி, நாட்டின் ஐஐடிகளுள் முதலாவதாக, விளையாட்டில் சிறந்தோர்க்கென இளநிலைப் படிப்புகளில் தனி இடங்களை ஏற்படுத்தியது. ஒவ்வொரு படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடங்கள். அவற்றுள் ஒன்று பெண்களுக்கு. கூடைப்பந்தும் அந்த விளையாட்டுப் பட்டியலில் உண்டு. இத்தகைய இடங்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் கல்வியுலகில் வழக்கமாக இரண்டு குரல்கள் கேட்கும். ‘இனித் தரம் என்னாவது?’ என்பது ஒன்று. ‘தரம் சிறிதும் குறையவில்லை, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம்பெற்றவருக்கே இந்த இடம்’ என்று பெருமிதத்தோடு விடையளிப்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிர்க் குரல்களாகத் தோன்றினாலும், இரண்டின் அடியிலும் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: தேர்வு ஒரு நடுநிலையான அளவுகோல், பந்து அதற்கு மேலே சூட்டப்படும் அணிகலன். இந்த நம்பிக்கை பிழையானது. அந்தப் பிழை, யாருக்காக அந்த இடங்கள் உருவாக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறதோ அவரையே வாசலில் நிறுத்திவிடுகிறது.

அது எவ்வாறு என்பதைச் சென்னையில் நின்று பார்ப்பதைவிடப் புனேயின் கேம்ப்பில் நின்று பார்ப்பது எளிது. கேம்ப் ஆங்கிலேயர் காலத்துக் கண்டோன்மென்ட். படையோடும் படையைச் சார்ந்த தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. பிஷப்ஸ், செயின்ட் வின்சென்ட்ஸ், செயின்ட் மேரிஸ் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய ஆங்கிலவழிப் பள்ளிகள் ஒருபுறம். கண்டோன்மென்ட் வாரியம் நடத்தும் பள்ளிகள் மறுபுறம். இரண்டுக்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவுதான். ஆட்டத் திறன் இந்த நகரத்துக்குப் புதிதன்று. இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய ஷிரீன் லிமாயே புனேக்காரர்.

கேம்ப்பின் சந்தொன்றில் வளரும் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்து பார்க்கலாம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி, பயிற்சியாளரின் கட்டளைகளில் பாதி ஆங்கிலம். ஆடுகளத்தில் அவள் பாயின்ட் கார்டு. எதிரணியின் தடுப்பு உருமாறும் கணத்தில், தன் அணியின் நால்வருக்கும் எவருக்கு எம்மொழி விரைவாக எட்டுமோ அம்மொழியில் சொல்லை எறிகிறாள். மொழியியல் வகுப்பில் ‘மொழி மாற்றம்’ என்று பாடமாக நடத்தப்படும் ஆற்றலை அவள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே நிகழ்த்துகிறாள்.

இனி அவள் சென்னை ஐஐடியின் விளையாட்டு இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதற்படி ஜே.இ.இ. மெயின். அது தமிழ், மராத்தி உட்படப் பதின்மூன்று மொழிகளில் நடைபெறுகிறது. அதில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தால் அட்வான்ஸ்டு தேர்வு. அதன் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. முதல் வாசலில் பதின்மூன்று மொழிகளை அறிந்திருந்த கல்வியமைப்பு, இரண்டாம் வாசலில் பதினொன்றை மறந்துவிடுகிறது. மராத்தியில் இயற்பியல் கற்றவள், ஆங்கிலத்தில் இயற்பியல் கற்றவளோடு ஒரே கோட்டில் நிறுத்தப்படுகிறாள். இதற்குத்தான் ‘தரம் குறையவில்லை’ என்று பெயர்.

அடுத்தது நாட்காட்டி. விளையாட்டு இடத்துக்கு, கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது பன்னாட்டுப் போட்டியில் பதக்கம் வென்றிருக்க வேண்டும். பள்ளி வயதினர்க்கான பெரும் போட்டிகளுள் ஒன்று கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு. 2019-இல் அது புனேயின் பாலேவாடியிலேயே நடந்தது. தொடங்கிய நாள் ஜனவரி 9. அவ்வாண்டின் முதல் ஜே.இ.இ. மெயின் நடந்தது ஜனவரி 8 முதல் 12 வரை. சென்னை ஐஐடியின் திட்டம் நடைமுறைக்கு வந்த 2024-இல் அப்போட்டிகள் தமிழ்நாட்டில் ஜனவரி 19 முதல் 31 வரை நடைபெற்றன, ஜே.இ.இ. மெயின் முதற்கட்டம் ஜனவரி 24-இல் தொடங்கியது. ஏப்ரலில் இரண்டாம் வாய்ப்பு உண்டு என்று விடை வரலாம். உண்மைதான். ஆனால் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளின் இரண்டு ஆண்டுகளை முழுவதும் விழுங்கும் பயிற்சி மையத்தையும், அதே இரண்டு ஆண்டுகளை விழுங்கும் மாநில அணிப் பயிற்சியையும் ஓர் உடலில் பொருத்தச் சொல்லிவிட்டு, ஏப்ரலைக் காட்டுவது விடையாகாது. இரண்டையும் பொருத்திக்கொள்ளக்கூடிய குடும்பங்கள் உண்டு. அவற்றுக்குத் தனிப்பயிற்சியாளரும் தனி ஆசிரியரும் காரும் இருக்கும். அங்கிருந்து வருபவரின் உழைப்பும் உழைப்பே. அவர் மீது குறையில்லை. குறை, அவரை மட்டுமே உள்ளே விடும் வாசலின் மீது.

சொற்களையும் கவனிக்க வேண்டும். இந்த இடங்களுக்கு நிறுவனம் சூட்டிய பெயரில் ‘ஒதுக்கீடு’ என்ற சொல் இல்லை. ‘எக்ஸலன்ஸ்’ என்ற சொல் இருக்கிறது. கலைப் பண்பாட்டுத் துறையினர்க்கு அதே நிறுவனம் அடுத்து ஏற்படுத்திய இடங்களுக்கும் அதே சொல்தான். நூற்றாண்டுகளாகக் கல்வி மறுக்கப்பட்டோர் அரசமைப்புச் சட்டத்தின் வழி உள்ளே வந்தால் அது ‘ஒதுக்கீடு’. அச்சொல்லை உச்சரிக்கும்போதே பலர் குரலில் ஒரு சலிப்பு ஏறிவிடுகிறது. பதக்கத்தோடு வந்தால் அது ‘சிறப்பு’. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: ஒற்றைத் தேர்வு காணத் தவறும் ஆற்றலையும் உரிமையையும் காணச் செய்வது. செயல் ஒன்றாயிருக்கப் பெயர் இரண்டாவது தற்செயலன்று. பெயரிடும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

‘அப்படியானால் தேர்வையே நீக்கிவிட்டுப் பயிற்சியாளரின் கையில் சேர்க்கையை ஒப்படைக்கலாமா?’ என்ற வினா நியாயமானது. கூடாது என்பதற்கு அமெரிக்காவின் ஐவி லீக் பல்கலைக்கழகங்களே சான்று. விளையாட்டுக்கு உதவித்தொகை இல்லை என்று 1954-இல் உடன்பாடு கண்டவை அவை. ஆயினும் பயிற்சியாளர் விரும்பும் பெயருக்குச் சேர்க்கையில் தனி எடை உண்டு. ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, அவ்வாறு தெரிவு செய்யப்பட்ட விளையாட்டு விண்ணப்பதாரர்களில் 86 விழுக்காட்டினர் சேர்க்கை பெற்றனர். 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைக் கருத்தில் கொள்ளும் சேர்க்கை முறையை வீழ்த்தியது. விளையாட்டுச் சலுகை தீண்டப்படாமல் நின்றது. துடுப்புப் படகு, ஸ்குவாஷ், வாள்வீச்சு போன்ற செல்வர் விளையாட்டுகள் நிறைந்த பட்டியலில் அச்சலுகை எவர் பக்கம் சாயும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூடைப்பந்தும் தப்பவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜெரோம் ஆலன், செல்வர் ஒருவரின் மகனைத் தம் அணிக்கான தெரிவுப் பட்டியலில் சேர்க்கச் சுமார் மூன்று லட்சம் டாலர் பெற்றதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மாணவர் புகழ்பெற்ற வார்ட்டன் வணிகப் பள்ளியில் சேர்ந்தார். அணிக்காக ஒருமுறையும் ஆடவில்லை. கதவின் சாவி ஒருவர் சட்டைப்பையில் இருந்தால் அதற்கு விலை நிர்ணயமாகிவிடும். இந்த ஒரு செய்தியில் சென்னை ஐஐடியின் முறை பாராட்டுக்குரியது: அங்கே விளையாட்டுத் தரவரிசை, வெளிப்படையான புள்ளிகளால் அமைகிறது.

இனி இந்தியாவின் மறு எல்லை. கோப்பைக்காக ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடிக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டிலும் மகாராஷ்டிரத்திலும் குறைவில்லை. கட்டண விலக்கு, விடுதி, உணவு, காலணி எல்லாம் கிடைக்கும். வகுப்பறை மட்டும் கிடைக்காது. காலையில் பயிற்சி, மாலையில் பயிற்சி, பருவத்தேர்வு நாளில் வெளியூர்ப் போட்டி. மூன்றாண்டு முடிவில் அலமாரியில் பல்கலைக்கழகத்துக்குக் கோப்பை. ஆட்டக்காரரின் கையில் அரியர்த் தாள்களின் பட்டியல். முழங்கால் முறிந்தால் அதுவும் அவருடையதே. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. மீது ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் விளையாட்டு மாணவர்களில் எத்தனை பேர் பட்டம் முடித்தனர் என்ற விகிதத்தை அது ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இங்கே கோப்பைகளின் எண்ணிக்கை நுழைவாயிற் பலகையில் மின்னுகிறது. பட்டங்களின் எண்ணிக்கையைக் கேட்பார் இல்லை.

ஆக, ஒரு நிறுவனம் மாணவரை எடுத்துக்கொண்டு ஆட்டக்காரரை வாசலில் விடுகிறது. மற்றொன்று ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு மாணவரை வாசலில் விடுகிறது. ஒரே உடலில் இருவரும் இருக்கக்கூடும் என்பதை இரண்டுமே ஏற்கவில்லை. கூடைப்பந்தின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் கூரைக்குள் மாணவர்களை ஆடவைக்க வழி தேடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் வகுப்புக்காக உருவாக்கிய ஆட்டம் அது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கல்வியின் வயிற்றில் பிறந்த ஆட்டத்தைக் கல்விக்குப் பகையாக்கியது பிற்காலத்தின் வேலை.

செய்யக்கூடியது என்ன? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஐஐடிகளிடமே கருவிகள் உள்ளன.

ஒன்று: தரவரிசையில் சற்றே பின்தங்கிய பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறன் மாணவர்க்கு, நிரம்பாத இடங்களுக்காக ஓராண்டு ஆயத்தப் படிப்பை ஐஐடிகள் நெடுங்காலமாக நடத்திவருகின்றன. அவர்களுடைய இடங்களில் ஒன்றையும் தொடாமல், அதே முறையை விளையாட்டு இடங்களுக்கும் விரிக்கலாம். பதக்கம் வென்றவருக்கு ஓராண்டு கணிதமும் இயற்பியலும் கற்பித்து, அதன்பின் தேர்வு வைக்கலாம்.

இரண்டு: ஜே.இ.இ. அட்வான்ஸ்டு வினாத்தாள், மெயின் தேர்வு நடைபெறும் பதின்மூன்று மொழிகளிலும் வர வேண்டும்.

மூன்று: தேசிய இளையோர் போட்டிகளும் நுழைவுத் தேர்வுகளும் மோதாதவாறு இரண்டு ஒன்றிய அமைச்சகங்களும் ஒரே மேசையில் அமர்ந்து நாள் குறிக்க வேண்டும்.

நான்கு: விளையாட்டின் வழி மாணவரைச் சேர்க்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், அவர்களுள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

‘ஓராண்டில் இயற்பியல் வந்துவிடுமா?’ என்று கேட்கப்படும். 2020-இல் சென்னை ஐஐடி தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பில் ஜே.இ.இ. இல்லாமலே சேரலாம். நான்கு வாரம் பாடம் நடத்தி, நடத்திய பாடத்திலேயே தேர்வு வைத்து, தேறியவரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ‘முதலில் கற்பிப்போம், பிறகு சோதிப்போம்’ என்ற எளிய அறத்தை அந்நிறுவனம் அறிந்தே இருக்கிறது. அதை வளாகத்துக்கு உள்ளேயும் கொண்டுவரும் துணிவுதான் தேவை.

கேம்ப்பின் அந்தப் பெண் சலுகை கேட்கவில்லை. ஆட்டத்தில் தவறிழைத்தவரைக்கூட நடுவர் உடனே வெளியேற்றுவதில்லை. விசில் ஊதி, தவறு இன்னதென்று கைச்சாடையால் காட்டி, ஆட்டத்தைத் தொடரவிடுகிறார். அவளோ தவறே செய்யாதவள். அவளுக்குத் தெரியாத மொழியில் விதிகளை வாசித்து வெளியே அனுப்பிவிட்டு, ஆட்டத்தின் தரம் காக்கப்பட்டது என்று கைதட்டிக்கொள்வது கல்வியாளர்க்கு அழகன்று.