பாதை உடைந்த பிறகு மருந்து மலையேறாது

மலைநாட்டில் பெருமழை பெய்தால் முதலில் உடைவது பாதை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுதான் எமனாக வந்தது. அதன்பின் நிவாரணம் பற்றிப் பேசுகிறோம், வீடு பற்றியும் காணி பற்றியும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் பாதை மூடிக் கிடக்கும் நாட்களில் பிரசர் குளிசை முடிந்துபோன அப்பாயி என்ன செய்வார், மாதம் நிறைந்த பிள்ளைத்தாய்ச்சி எங்கே போவார் என்று யாரும் கேட்பதில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் கட்டில் கூட்டினால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. முதல் மூன்று நாள் வைத்தியம் தோட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நல்ல நாளிலேயே நம் நிலைமை என்ன? குளவி கொட்டினால் கொழுந்து லொறியில் போகிறோம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. நல்ல சேவை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேல் டிவிஷனில் இருப்பவரைக் கம்பளியில் கட்டிச் சுமந்து வந்துதான் அதில் ஏற்ற வேண்டியிருக்கிறது. தொழிலாளிக்கு வைத்தியம் கொடுப்பது தோட்ட முதலாளியின் கடமை என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912இல், மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. சிலவற்றை எடுத்தது, பலவற்றை அப்படியே விட்டது. இன்றைக்குக் கம்பனியிடம் கேட்டால் சுகாதார அமைச்சைக் காட்டுகிறார்கள், அமைச்சிடம் கேட்டால் கம்பனியைக் காட்டுகிறார்கள். நடுவில் டிஸ்பென்சரிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

எச்சரிக்கை விஷயத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. சொன்ன சொல் லயத்து வாசலுக்கு வந்து வேலை செய்யவில்லை. இன்று அதே நிறுவனம் மழையை அளந்து படிப்படியாக எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். தோட்டங்களிலும் மழைமானி இருக்கிறது, கொழுந்துக் கணக்குக்காகத் தினமும் பார்க்கிறார்கள். அந்த அளவைப் பிரட்டுக்களத்தில் தமிழில் எழுதிப்போட என்ன செலவாகும்?

முதல் எச்சரிக்கையை வைத்தியத்துக்கான மணியாகவும் எடுக்க வேண்டும் என்பேன். பாதை திறந்திருக்கும்போதே மாதம் நிறைந்த தாய்மாரையும் படுக்கையில் கிடப்பவர்களையும் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அன்றைய வாகனம் நிர்வாகத்தின் பொறுப்பு. அவர்களோடு கூடப் போகிறவருக்கு அன்றைய பெயர் விழ வேண்டும். சம்பளம் வெட்டுப்படும் என்றால் யார் போவார்கள்?

கிளினிக்கில் ஒரு மாத மருந்துதான் தருகிறார்கள். கிளினிக் திகதியில் பாதை உடைந்தால் அந்த மாதம் மருந்தில்லை. மழைக்காலத்துக்கு முன், ஹட்டன் பக்கம் என்றால் மே மாதத்துக்கு முன், பதுளைப் பக்கம் என்றால் ஒக்டோபருக்கு முன், இரண்டு கிழமை மருந்தைக் கூடுதலாகக் கொடுக்கும்படி சுகாதார வைத்திய அதிகாரியிடம் சங்கம் கேட்க வேண்டும். பெரிய திட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை.

இன்னொன்று, ஆசிரியர் என்பதால் சொல்கிறேன். இடம்பெயர்ந்தால் எல்லாரும் வருவது பாடசாலைக்குத்தான். பிள்ளைகளுக்கே போதாத மலசலகூடத்துக்கு முன்னால் நூறு குடும்பம் வரிசையில் நின்றால் வயிற்றோட்டம் வராமல் என்ன செய்யும்? பீலித் தண்ணீர் கலங்கிய நேரத்தில் குளோரின் போட ஆளும் பொருளும் அங்கேயே இருக்க வேண்டும். பச்சைப்பிள்ளைத் தாய்க்குக் கதவுள்ள ஒரு வகுப்பறையையாவது முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். அதைவிட முதலில், அந்தப் பாடசாலையே சரிவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்குத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் லயம் லயமாக ஒரு பட்டியல் எடுத்து வாருங்கள்: கர்ப்பிணிகள், இன்சுலின் போடுகிறவர்கள், நடக்க முடியாதவர்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி டிஸ்பென்சரிக்கு, ஒன்று துரையின் மேசைக்கு, ஒன்று நம் சங்கக் காரியாலயத்துக்கு.