முடிந்த பணிகளின் கணக்கு

ஒரு பணிக்கு என்ன செலவாகும் என்பதை, அப்பணியைப் பெற விழைவோரிடமே கேட்டறியும் வழக்கம் பல நாட்டு அரசுகளிடம் ஊறிப்போயிருக்கிறது. டென்மார்க் அறிஞர் ஃபிளிவ்பியர்க் குழுவினர் இருபது நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு கடுமையானது. பத்தில் ஒன்பது திட்டங்கள் மதிப்பீட்டை மீறியிருந்தன. இருப்புப்பாதைப் பணிகளில் மீறல் சராசரியாக 45 விழுக்காடு. அறியாமையால் நேர்ந்த பிழையாயின் இரு பக்கமும் சிதறியிருக்கும். ஒரே பக்கம் சாய்ந்திருந்ததைக் கண்ட அவர்கள், ஒப்புதல் பெறும் பொருட்டே தொகை குறைத்துக் காட்டப்படுகிறது என்றனர்.

இதற்கு மாற்றாக எழுந்ததே ஒப்பீட்டு முறை. எடின்பரோவின் டிராம் தடம் ஒன்றுக்கு 2004இல் 32 கோடி பவுண்டு மதிப்பிட்டிருந்தனர். சரிபார்க்க அமர்த்தப்பட்டோர் வரைபடங்களில் மூழ்கவில்லை. முன்னர் முடிந்த ஒத்த பணிகளின் இறுதிச் செலவைப் பார்த்து, 80 விழுக்காடு உறுதி வேண்டுமாயின் 40 கோடி தேவை என்றனர். 2014இல் விமான நிலையத்திலிருந்து நகர் நடுவரை டிராம் ஓடத் தொடங்கியபோது ஆகியிருந்த செலவு 77.6 கோடி.

எனவே ஒப்பீடும் வீண் என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒப்பிட்டுச் சொன்ன தொகையே உண்மைக்குச் சற்றேனும் அருகில் நின்றது. ஆயினும், ஒப்பந்தங்களில் நேரும் பூசலையும் மேலாண்மைச் சீர்கேட்டையும் எந்த மதிப்பீடும் ஈடு செய்யாது.

இம்முறையின் பலவீனம் வேறோரிடத்தில் உள்ளது. எவை ஒத்த பணிகள் என்பதை யார் முடிவு செய்வது? சிக்கனமாக முடிந்த நான்கு பாலங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், விரும்பிய தொகையை விரும்பியவாறே பெறலாம். ‘எங்கள் திட்டம் தனித்தன்மை வாய்ந்தது’ என்ற வாதமும் அடுத்து வந்து நிற்கும். தோல்வியுற்ற பணிகளுள் பலவும் தொடக்கத்தில் அவ்வாறு புகழப்பட்டவையே.

இந்தியாவில் தரவுக்குப் பஞ்சமில்லை. 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மத்திய அரசுத் திட்டங்களின் தொடக்க மதிப்பீட்டையும் திருத்திய செலவையும் புள்ளியியல் அமைச்சகம் தொகுத்து வருகிறது. புதிய திட்டம் அமைச்சரவை முன் செல்லும்போது, அதே வகைப் பணிகள் அனைத்தின் கணக்கும் உடனிணைக்கப்பட வேண்டும். எதையேனும் விலக்கினால், விலக்கிய அதிகாரி காரணமெழுதி ஒப்பமிட வேண்டும். அவ்வேடு மக்கள் பார்வைக்கும் வைக்கப்பட வேண்டும்.