அரோவானாவும் நம் கடமையும்

திருச்செங்கோடு என்ற பெயரைக் கேட்டவுடன் அயலூரார்க்கு இரண்டு பொருள்கள் நினைவிற்கு வரும். ஒன்று, அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியுள்ள செங்குன்றம். மற்றொன்று, நாடெங்கும் சென்று ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள். பல நூறு அடி நிலத்தைத் துளைத்து நீர் தேடும் இவ்வூரில், அமேசான் பேராற்றில் நீந்தவேண்டிய மீனொன்று வீட்டுக் கூடத்தின் கண்ணாடித் தொட்டியில் உலவுவதைக் காணுங்கால் வியப்பும் கவலையும் ஒருங்கே எழுகின்றன. அரோவானா என்பது அதன் பெயர். அதனை வளர்க்க விரும்பும் மாணவ நண்பர் பலராதலின், அதுபற்றி எமது கருத்தை ஈண்டுக் கூற முற்பட்டோம்.

அரோவானாவில் சில வகைகள் உண்டு. நம் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது தென்னமெரிக்க வெள்ளி அரோவானா. செந்நிறமும் பொன்னிறமும் உடையது ஆசிய அரோவானா. மலேசியா, இந்தோனேசியா முதலிய நாடுகளின் ஆறுகளே அதன் பிறப்பிடம். சீனர் அதனை நாகமீன் எனப் போற்றிப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவர். 1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கை ஆசிய அரோவானாவைத் தன் முதற் பட்டியலில் வைத்துக் காக்கின்றது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2022-ல் திருத்தப்பெற்று, 1-4-2023 முதல் அமலில் உள்ளது. அதன்படி, இத்தகைய உயிரை வைத்திருப்போர் அதனை அரசினர்க்கு அறிவித்தல் வேண்டும். ஆதலின் சான்றிதழ் இன்றி ஆசிய அரோவானாவை ஒருவர் விற்க வந்தால், விலை எத்துணை மலிவாயினும் வாங்காது விடுதலே முறை.

நிற்க. எம் பிழையொன்றை முதலில் ஒப்புக்கொள்ளல் நலம். சில ஆண்டுகளுக்கு முன் விரல் நீளமுள்ள வெள்ளி அரோவானாக் குஞ்சொன்றை வாங்கி, 3 அடி நீளத் தொட்டியில் விட்டோம். ‘இதற்கு என்ன உணவு கொடுக்கவேண்டும்?’ என்று கடைக்காரரை வினவினோமேயன்றி, ‘இது எவ்வளவு வளரும்?’ என வினவினோமில்லை. ஓராண்டிற்குள் அது திரும்புவதற்கும் இடமின்றி வளைந்து நின்றது. ஒருநாள் இரவு தொட்டியின் மூடியைச் சரிவரப் பொருத்தாது உறங்கினோம். விடியற்காலையில் அது தரையில் உயிரற்றுக் கிடந்தது. நீர்மட்டத்திற்கு மேலே தாவிக் கிளையிலுள்ள பூச்சியைக் கௌவும் இயல்புடையது அம்மீன் என்பதைப் பின்னரே கற்றோம். அதனைக் கொன்றது எம் அன்பன்று, அறியாமையே எனினும், அன்பு அறியாமைக்குத் தக்க மறுமொழி ஆகாது.

ஆகவே எமது துணிபு இது: உணவைப்பற்றிய வினா இரண்டாவது, இடத்தையும் நீரையும் பற்றிய வினாவே முதலாவது. வெள்ளி அரோவானா ஏறத்தாழ 3 அடி வரை வளரவல்லது. பத்தாண்டுக்கு மேலும் வாழவல்லது. அதற்கு 6 அடி நீளமும் 2½ அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டியாவது வேண்டும். அஃது ஏறத்தாழ 850 லிட்டர் கொள்ளும். வாரந்தோறும் அதில் நாலிலொரு பங்கை மாற்றுவதானால் 15 லிட்டர் குடத்தால் 14 குடம் நீர் ஆகும். கோடையில் குழாயடியில் வரிசையாய் நிற்கும் வீட்டினர் இக்கணக்கை எண்ணிப் பார்ப்பாராக. நகராட்சி நீராயின் குளோரினை நீக்கியே ஊற்றவேண்டும். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கின்றது. அதனை மாற்றித் தீங்கு குறைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியின் வடிகட்டியில் நிலைபெற ஒரு திங்களளவு ஆகும். அதுவரை பொறுத்தலே நன்று.

இனி உணவு. மேனோக்கிய வாயே இம்மீன் நீர்மட்டத்தில் இரை தேடுவது என்பதைக் காட்டும். ஓடும் முள்ளும் நீக்கிய இறால், பூச்சிமருந்து படாத வெட்டுக்கிளி, மிதக்கும் உருண்டைத் தீனி ஆகியவற்றை மாற்றி மாற்றி அளித்தல் தக்கது. குஞ்சிற்கு நாளைக்கு இருமுறை சிறிது சிறிதாகவும், வளர்ந்த மீனுக்கு ஒருமுறையும் போதும். உண்ணாது விட்டதை உடனே எடுத்துவிடுக. விருந்தினர் கண்டு மகிழும்பொருட்டு உயிருள்ள சிறு மீன்களைத் தொட்டியில் விடும் வழக்கத்தை யாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். அவற்றால் நோய் புகும். மேலும் கோல்டுபிஷ் போன்ற மீன்களில் தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. அவற்றையே தின்று வளரும் மீன் நாளடைவில் நலிவுறும். ஓர் உயிரின் துடிப்பை வேடிக்கையாக்குதல் கற்றவர்க்கு அழகுமன்று.

அரோவானா இருக்கும் வீட்டில் செல்வம் பெருகும், குடும்பத்திற்கு வரும் தீங்கைத் தான் ஏற்று அது மடியும் என்றெல்லாம் சிலர் நம்புகின்றனர். மடிந்த மீனுக்கு இக்காரணம் கூறி மற்றொன்றை வாங்குவது எளிது. தொட்டியின் நீரைச் சோதிப்பது சிறிது அரிது. அரிதையே செய்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள்.

இறுதியாக ஒன்று. வளர்ந்த மீனை வைத்துக்கொள்ள இயலாதார் பள்ளிபாளையத்தண்டை ஓடும் காவிரியிலோ, ஊர் ஏரியிலோ விட்டுவிட எண்ணுதல் கூடும். அதனைக் கருணை என்று கருதற்க. 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தபின், அரோவானாவிற்கு உறவினதாகிய அரபைமா என்னும் அமேசான் மீன் சாலக்குடியாற்றில் காணப்பட்டது. மனிதர் வளர்த்த இடத்திலிருந்து தப்பிய அத்தகைய பெருமீன் நம் ஆற்றில் நிலைபெறுமாயின், அவ்வாற்றுக்கே உரிய சிறு மீன்களும் அவற்றைப் பிடித்து வாழும் செம்படவரும் என்னாவர்? வைத்திருக்க இயலாத மீனைப் பெருந்தொட்டியுடையார்க்கோ விற்ற கடைக்காரர்க்கோ கொடுத்தலே தக்கது.

நண்பர்காள்! மீன் வளர்த்தல் வேண்டா என்று யாம் கூறவில்லை. வாங்குமுன் இடத்தையும் நீரையும் வரப்போகும் பத்தாண்டுகளையும் அளந்து பாருங்கள். அளவு பொருந்தின், அரோவானா உங்கள் கூடத்தை அணிசெய்யட்டும். பொருந்தாவிடின், சிறு தொட்டிக்கேற்ற சிறு மீன்கள் பல உள. அவையும் கண்ணுக்கு இனியவையே.