சுவரில் படம், வராந்தாவில் பெஞ்சு

2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றப் பதிவுத்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு யார் படமும் கூடாதாம். அம்பேத்கர் படத்துக்காக வழக்கறிஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். வந்தது சரி. ஆனால் அந்தச் சுவருக்கு வெளியே இருக்கும் வராந்தாவைப் பற்றி நாம் இன்னும் வாய் திறக்கவில்லை.

நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஒரு வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போன அக்காவுடன், ஆய்வுக்காக நானும் போனேன். எந்த நீதிமன்றம் என்று சொல்லவில்லை. பல இடங்களில் நிலைமை இதுதான். மிளகாய்ப்பழம் எடுக்கிற கூலியை விட்டுவிட்டு முதல் பஸ் ஏறினார். குற்றம் சாட்டப்பட்டவர்களும் அதே பஸ்தான். வேறு பஸ் ஏது? வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதில் அவர்களுடைய சொந்தக்காரர்கள். அக்கா வேப்பமரத்தடியில் நின்றார். கழிப்பறைக்குப் போகவும் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் மதியம் வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் வாய்தா.

“உள்ள ஜட்ஜையா முன்னாடி நிக்கப் பயமில்ல தம்பி. இங்க வெளிய நிக்கிறதுதான்” என்றார்.

நாளை அவர் சாட்சியத்தை மாற்றிச் சொன்னால், பிறழ் சாட்சி என்று செய்தியில் ஒரு வரி வரும். வராந்தா அதில் வராது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2015 திருத்தத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வந்த 15ஏ பிரிவு, சாட்சிக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் தரச் சொல்கிறது. 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றங்களில் எளிதில் மிரட்டப்படக்கூடிய சாட்சிகளுக்கெனச் சாட்சிய வளாகங்களை ஓராண்டுக்குள் அமைக்கச் சொன்னது. சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தனித்தனிப் பாதை என்பதும் அதில் உண்டு. அதாவது, கட்டடமே நீதியின் பகுதி என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது.

நம் பக்கத்துக் கமுதியில் 1897இல் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்தார்கள். 1899இல் மதுரையிலும், 1901இல் சென்னை உயர் நீதிமன்றத்திலும், 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலிலும் நுழைந்தவர்களே தோற்றார்கள். 1892இல் திறந்த சென்னையின் அந்தச் சிவப்பு மாளிகையின் குவிமாடங்களை நானும் அண்ணாந்து பார்த்து வியந்திருக்கிறேன். யார் எந்த வாசல் வழியாகப் போகலாம் என்பதுதான் அன்றைக்கும் வழக்கு.

ஊர் ஊராக ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகங்கள் எழும்புகின்றன. வரைபடத்தில் கையெழுத்தாகும் முன்பே பொதுப்பணித் துறையிடம் நாம் கேட்க வேண்டும்: சாட்சிக்குத் தனி வாசல் எங்கே? உட்கார ஓர் அறை எங்கே? பூட்டாத கழிப்பறை எங்கே?