கண்ணாடி போன்ற தண்ணீரில் மீன் சாவதேன்?



மீன் தொட்டித் தண்ணீரைச் சரளைக்கு ஏற்றிக் கங்குன் வளர்க்கத் தொடங்கியிருப்பீர்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். தண்ணீரோ தெளிவாகவே இருக்கும். வுழூவுக்குரிய தண்ணீரை நிறம், சுவை, மணம் கொண்டு பார்த்துப் பழகியவர்கள் நாம். மீனுக்கு அது போதாது. அதன் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அமோனியா கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. அதைச் செடிக்கு உணவாக மாற்றும் நுண்ணுயிர்கள் சரளையில் பெருக 4 முதல் 6 வாரங்கள் செல்லும்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை நினைத்தோ என்னவோ, சிலர் தீனியை அள்ளிப் போடுகிறார்கள். மீன் இரண்டு நாள் பசி தாங்கும், நஞ்சைத் தாங்காது. எனவே தீனியை நிறுத்தி, மூன்றிலொரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பைப் தண்ணீரில் குளோரின் உண்டு. ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர் ஒரு பரலில் எப்போதும் தயாராக இருக்கட்டும். சரளையைப் பைப் தண்ணீரில் கழுவாதீர்கள், நுண்ணுயிர்கள் அழிந்துவிடும். அமோனியாவைக் காட்டும் சொட்டு மருந்து அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும். அது பூச்சியம் காட்டும்வரை புதிய மீன் விட வேண்டாம்.