குற்றவாளிக் கூண்டில் கைபேசி

பிள்ளைக்கு இரவில் தூக்கமில்லையா? படிப்பில் கவனம் குறைந்துவிட்டதா? யாரோடும் பேசாமல் ஒதுங்கி இருக்கிறதா? "எல்லாம் இந்தக் கைபேசியால் வந்த வினை" என்று உடனே தீர்ப்பு வழங்கிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு சரிதானா?

இலண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருவர் 2017ஆம் ஆண்டு தன்னைக் காயப்படுத்திக்கொண்டதால் உயிரிழந்தார். மன அழுத்தத்தோடு, இணையத்தில் அவர் பார்த்தவையும் இந்த இறப்புக்குக் காரணமாயின என்று, மரண விசாரணை அதிகாரி 2022 செப்டம்பரில் அறிவித்தார். கடைசி ஆறு மாதங்களில் அச்சிறுமி இன்ஸ்டாகிராமில் விரும்பிய, சேமித்த, பகிர்ந்த பதிவுகள் ஏறத்தாழ 16,300. அவற்றுள் 2,100 பதிவுகள் தற்கொலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், மன அழுத்தம் ஆகியவை பற்றியவை. அவர் பார்த்தவற்றில் சிலவற்றை அவர் தேடவே இல்லை. கணினி நிரலே தேர்ந்து அனுப்பியது. வீட்டில் இருந்தவர்களுக்கோ எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அந்நிறுவனத்தின் உள் ஆய்வு ஒன்று 2021ஆம் ஆண்டு வெளியே கசிந்தது. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருந்திய வளரிளம் பெண்களுள் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தைக் கூட்டியதாக அதில் கூறியிருந்தனர். இங்கே 'ஏற்கெனவே' என்ற சொல்லைக் கவனியுங்கள். காயம் முன்பே இருந்தது. அதன்மீது உப்பு விழுந்தது.

மறுபக்கமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இருவர், 3,50,000-க்கும் அதிகமான வளரிளம் பருவத்தினரின் தகவல்களை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அவர்களின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் கருவிகளின் பங்கு அதிகபட்சம் 0.4 விழுக்காடே என்றனர். ஆனால், ஆற்றின் சராசரி ஆழம் முழங்காலளவு என்பதால், சுழலில் சிக்கியவர் பிழைத்துவிடுவாரா? பலருக்குச் சிறிதாகத் தெரியும் தீங்கு, மனம் நொந்த ஒருவருக்கு உயிர்ப்பிரச்சனையாகலாம்.

16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம், ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. மீறினால் அபராதம் நிறுவனங்களுக்குத்தான். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல. இது நியாயமே. கண்ணை நகரவிடாமல் கட்டிப்போடத் திட்டமிட்டுச் செய்த ஒன்றோடு 14 வயதுப் பிள்ளை தனியாகப் போராட முடியாது.

எனினும், சட்டம் கதவை அடைக்கலாம்; பிள்ளையின் அருகே வந்து உட்காராது. அந்த இடம் நம்முடையது. நாமே கைபேசியில் மூழ்கியிருந்தால், பிள்ளை தன் காயத்தை யாரிடம் காட்டும்? இன்றிரவு பிள்ளையின் கைபேசியைப் பிடுங்குவதற்குமுன், நம்முடையதைக் கீழே வைப்போம். "இன்னைக்கு அதுல என்ன பார்த்த? எது உன்னை வருத்துச்சு?" என்று கேட்போம். பதில் வரும்வரை காத்திருப்போம். வருத்தம் நீடித்தால் தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

குற்றவாளியைச் சுட்டிக்காட்டுவது எளிது. காயப்பட்ட பிள்ளையின் பக்கத்தில் அமர்வதே நம் முதல் வேலை.